அப்பா கொண்டுவந்த மர புத்தர் வெடித்துக்கொண்டே போகிறார், அடியில் மாவும் கொட்டுகிறது. என்ன செய்யலாம்?

கோவை மீனா:
வணக்கம். இத்தனை நாள் இங்கே படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. அப்பா மில் இயந்திர வேலையாக 1990களில் அடிக்கடி தாய்லாந்து போய்வருவார். அப்படி ஒரு தடவை சியாங் மாய் பக்கத்தில் பான் தவாய் என்று மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊரில் ஒரு புத்தரை வாங்கி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். உட்கார்ந்த கோலம், வலது கை முழங்கால் மேல் இறங்கி விரல்நுனி பூமியைத் தொடுகிறது. 2 அடி உயரம், நல்ல கனம். முகத்திலும் மார்பிலும் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டியிருக்கும், மற்ற இடமெல்லாம் வெறும் மரம்தான். அப்பா போய் 2 வருஷம் ஆகிறது. போன வருஷம் அம்மா என்னோடு வந்துவிட்டதால் புத்தரும் பழைய ஓட்டு வீட்டிலிருந்து என் பிளாட்டுக்கு வந்து, அம்மா படுக்கிற ஏசி அறையில் உட்கார்ந்தார். 8 மாதத்தில் இடது தோளிலிருந்து முதுகு வழியாக இடுப்பு வரை ஒரு வெடிப்பு. பத்து ரூபாய்க் காசு நுழைகிறது. மரம் வறண்டுபோய் எண்ணெய் கேட்கிறது என்று அம்மா தேங்காய் எண்ணெயை நன்றாகத் தடவிவிட்டார், இப்போது தொட்டால் பிசுபிசுவென்று தூசி ஒட்டுகிறது. போன வாரம் துடைக்கத் தூக்கினால் அடியில் வெள்ளை மாவு. அப்பா தினமும் காலையில் அதன் முன்னால் 5 நிமிஷம் பேசாமல் நிற்பார். அதை இழக்க எனக்கு மனசில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இழைப்புளி:
மீனா அக்கா, நான் 30 வருஷமாகத் தச்சு வேலை செய்கிறவன். அடிப்பாகத்தைப் படம் எடுத்துப் போட்டது நல்லதாகப் போச்சு. இது தேக்கு இல்லை. நடுவில் கரும்பழுப்பு, சுற்றி ஓரத்தில் சந்தன நிறத்தில் ஒரு பட்டை தெரிகிறதே, அது தூங்குமூஞ்சி மரம். தாய்லாந்துக்காரர்கள் செதுக்குவதற்கு அதை நிறைய எடுப்பார்கள், உளிக்கு வெண்ணெய் மாதிரி இறங்கும். கரும்பழுப்பு வைரம், அதில் பூச்சி அவ்வளவு சுலபமாக ஏறாது. ஓரத்து வெளிறுதான் அதுக்குச் சோறு. வெடிப்புக்கு அதே மரத்தூளைப் பெவிகாலில் குழைத்து அடைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இடம் தெரியாது. பூச்சிக்கு ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊசி போடுவோம், அடங்கிவிடும்.

ஈரப்பதம்:
இழைப்புளி தம்பி மரத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் வைத்தியத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. மீனா, தயவுசெய்து வெடிப்பை அடைக்காதீர்கள், மண்ணெண்ணெயும் வேண்டாம். நான் அருங்காட்சியகத்தில் மரப்பொருள் பராமரிப்பில் 26 வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன்.

முதலில் வெடிப்பு. மரம் வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், விடும். வாங்கினால் பருக்கும், விட்டால் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசைவே இருக்காது, குறுக்குவாக்கில்தான் எல்லாம். அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிச் சுற்றுவாக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நடுத்தண்டையும் சேர்த்து ஒரே கட்டையில் செதுக்கினால் அந்த இழுபறி எங்காவது ஓர் இடத்தில் வாயைத் திறந்துதான் தீரும். உங்கள் படத்தில் நடுத்தண்டு புத்தரின் மடிக்கு நேர் கீழே இருக்கிறது, வெடிப்பு அங்கிருந்துதான் முதுகுப்பக்கம் ஓடியிருக்கிறது. 25 வருஷத்துக்கு மேல் ஓட்டு வீட்டுக் காற்றுக்குப் பழகின கட்டையை ஏசிக்குள் கொண்டுபோய் வைத்தீர்கள், அதுவும் இரவு ஓட்டம் பகல் நிறுத்தம், அதாவது தினம் ஒரு சுருக்கம் ஒரு பருமன்.

அடைத்தால் என்ன ஆகும்? ஐப்பசி மழை வரும், மரம் ஈரம் குடித்துப் பருத்து வெடிப்பு மூட வரும், நடுவில் நீங்கள் வைத்த பசைக்கட்டி கல்லாக நிற்கும். அது ஆப்பு அடித்த மாதிரி வேலை செய்து வேறு பக்கம் புது வெடிப்பு விழும்.

இழைப்புளி:
சார், படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். நீங்கள் சொன்னது கதவில் நான் பார்த்ததுதான். மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது என்று கூப்பிடுவார்கள், போய் இழைத்துக் கொடுத்துவிட்டு வருவேன், சித்திரையில் அதே வீட்டில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் போகிறது என்பார்கள். கதவில் தெரிந்ததை சிலையில் யோசிக்கவில்லை. அக்கா, அடைக்காதீர்கள். மண்ணெண்ணெய் மட்டும் ஏன் கூடாது என்று சொல்லுங்கள்.

ஈரப்பதம்:
மூன்று காரணம் தம்பி. மரத்தில் கறை விழும், விளக்கு ஏற்றுகிற இடத்தில் வைக்கிற பொருளுக்கு நெருப்பு பயம், அப்புறம் புழு இருக்கிற ஆழத்துக்கு அது முழுசாகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. நாம் பார்க்கிற ஓட்டை வண்டு வெளியே போன வாசல். புழு வேறு இடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

மீனா, அந்த மாவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் மாதிரி வழவழவென்று இருந்தால் மாவு வண்டு. கசகசா மாதிரி மணி மணியாக உருண்டால் உலர்மரக் கரையான், அது வேறு கதை. ஓட்டையின் அகலத்தையும் அளந்து சொல்லுங்கள். சிலையை வேறு மரச்சாமானிலிருந்து தள்ளி, ஒரு கறுப்புச் சார்ட் பேப்பர் மேல் வையுங்கள். பழைய மாவும் ஆட்டத்தில் கொட்டும், அதனால் ஒரு தடவை கொட்டினதை வைத்து முடிவு செய்ய முடியாது. துடைத்துவிட்டு 2 வாரத்தில் புதிதாக விழுகிறதா என்று பார்க்கவேண்டும்.

கோவை மீனா:
பவுடர்தான் சார், விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. ஓட்டை எல்லாம் குண்டூசித் தலை அளவு, ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும், எண்ணிப் பார்த்தேன், 14. எல்லாமே இழைப்புளி அண்ணன் சொன்ன அந்த வெளிர் பட்டையில்தான், கரும்பழுப்பில் ஒன்றுகூட இல்லை! எண்ணெயை என்ன செய்வது என்று சொல்லவில்லையே.

ஈரப்பதம்:
எண்ணெய். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், எனக்கு வந்த சிலைகளில் பூச்சி கெடுத்ததைவிட எண்ணெய் கெடுத்தது அதிகம். வெடித்த மரம் எண்ணெய் கேட்கவில்லை, அது இழந்தது ஈரம், எண்ணெய் அந்த இடத்தை நிரப்பாது. தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய், வருஷக்கணக்கில் பிசுக்காகவே இருந்து தூசியைச் சேர்த்துக் கறுத்த மேலோடாக மாறும். ஆளி எண்ணெய் காயும், ஆனால் காய்ந்தபின் மஞ்சளாகி மரத்தோடு மரமாக இறுகிக்கொள்ளும், எடுக்கவே முடியாது. இன்னொரு தொல்லை, எண்ணெய் குடித்த இடத்தில் பிறகு பசை பிடிக்காது, ரேக்கு உரிந்தால் ஒட்டவைக்க வருகிறவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பழைய பருத்தி வேட்டித் துணி, நன்றாக வெளுத்தது, அதை மடித்து அழுத்தி அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது. துணி மாற்றி மாற்றி 4, 5 நாள் செய்யுங்கள், வருகிற அளவு வரட்டும், மிச்சம் இருக்கட்டும். சோப்பு நீர், எலுமிச்சை, சாமான் மினுக்கித் திரவம் எதுவும் கிட்டே வரக்கூடாது. ரேக்கு ஒட்டின முகத்தையும் மார்பையும் துணியால் தொடவே தொடாதீர்கள்.

காஞ்சி வாசகன்:
ஒரு சந்தேகம். எங்கள் ஊர் அத்தி வரதர் அத்தி மரம்தானே? 1979இல் எழுந்தருளியவர், அப்புறம் 40 வருஷம் அனந்தசரஸ் குளத்துக்குள்ளேயே இருந்து 2019 ஜூலையில் வந்து 48 நாள் காட்சி கொடுத்தார். ஈரம்தான் மரத்துக்கு எதிரி என்றால் இது எப்படி?

ஈரப்பதம்:
அருமையான கேள்வி. ஈரம் எதிரி என்று நான் சொல்லவில்லை, மாறுவதுதான் எதிரி. முழுக்க நீருக்குள் அசையாமல் இருக்கிற மரத்துக்குக் காற்று கிடையாது, வண்டும் புழுவும் வாழாது, காளானும் வளர முடியாது, காயாததால் வெடிப்பதற்கும் வழியில்லை. நம் ஊரில் கிணற்றின் அடித்தளத்தில் நாவல் கட்டையை இறக்குவது நினைவிருக்கிறதா? தலைமுறை தாண்டி இருக்கும். அதே சமயம் வேலிக் கால் எங்கே இற்றுப்போகிறது பாருங்கள், மண்ணுக்கு மேலேயும் இல்லை ஆழத்திலும் இல்லை, மண்மட்டத்தில்தான். நனைந்து காய்ந்து நனைந்து காய்கிற இடம்.

நாராவில் ஒருத்தி:
இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்காரருக்கு வேலை ஒசாகாவில், நாங்கள் 9 வருஷமாக நாராவில் இருக்கிறோம், இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குக் கோயில்தான்.

நடுத்தண்டால் வெடிக்கும் என்று சார் சொன்னாரே, அதை ஜப்பானியச் சிற்பிகள் 1,000 வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டு, ஒரே கட்டையில் செதுக்கிய பிறகு முதுகுப்பக்கமாகவோ அடிவழியாகவோ உள்ளே குடைந்து எடுத்துவிடுவார்கள். வெளியே புத்தர், உள்ளே வெற்றிடம். நடுத்தண்டு போய்விட்டது, சுவர் மெலிசாகிவிட்டது, இழுபறி அடங்கிவிட்டது. அப்புறம் ஜோச்சோ என்ற சிற்பி காலத்தில் பல கட்டைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் குடைந்து பொருத்துகிற முறை முழுமை பெற்றது. உஜியில் பியோதோயின் கோயிலின் அமிதாப புத்தர் 1053இல் அவர் செய்தது, ஹினோகி என்கிற ஜப்பான் சைப்ரஸ் மரம், 2.8 மீட்டர் வரை உயரம், இன்றும் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார். 10 யென் காசைத் திருப்பினால் அந்த மண்டபம்தான்.

அந்த வெற்றிடத்துக்குள் சூத்திரங்கள், சின்னச் சிலைகள், வேண்டுதல் எழுதின காகிதங்கள் வைப்பார்கள். கியோத்தோவில் செய்ர்யோஜி கோயில் புத்தர் 985இல் சீனாவில் செதுக்கி, ச்சோனென் என்ற துறவி கொண்டுவந்தது. 1950களில் உள்ளே பார்த்தபோது பட்டுத் துணியில் தைத்த குடல், நுரையீரல், வயிறு எல்லாம் இருந்திருக்கின்றன! அந்தச் சிலை, புத்தர் உயிரோடு இருக்கும்போதே உதயண மன்னன் சந்தனத்தில் செய்யச் சொன்னதாகச் சொல்லப்படும் முதல் உருவத்தின் வழிவந்த நகல் என்பது இங்குள்ள நம்பிக்கை. யாழ் வாசித்து யானையை அடக்குவதாக நாம் காப்பியத்தில் படித்தோமே, அதே கோசாம்பி உதயணன்தான். இங்கே வந்து அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மீனா, உங்கள் புத்தர் குடையாத முழுக்கட்டை, அதனால் வெடித்தார். செய்தவர் குற்றமில்லை, அப்பா குற்றமும் இல்லை.

பர்மா பேரன்:
எல்லாரும் தொடாதே துடைக்காதே என்கிறீர்கள், எனக்கு ஒரு மறுப்பு உண்டு. எங்கள் ஆத்தா ரங்கூனில் பிறந்தவர், 1960களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த குடும்பம். கொண்டுவந்த நாலு பொருளில் ஒன்று ஒரு முழ உயர பர்மா புத்தர். தேக்கு, மேலே கருப்பரக்கு பூசி, அங்கி ஓரத்தில் அரக்கும் சாம்பலும் பிசைந்து திரியாக உருட்டி ஒட்டி, நடுநடுவே கண்ணாடிச் சில்லு பதித்து, அதன்மேல் தங்க ரேக்கு. பர்மாவில் புத்தருக்கு ரேக்கு ஒட்டுவது புண்ணியம். மாண்டலேயில் மகாமுனி வெண்கல புத்தருக்கு ஒட்டி ஒட்டியே உடம்பு வடிவம் மறைந்துபோகிற கனத்துக்குத் தங்கம் ஏறியிருக்கிறது. சாமி மங்கிக் கிடக்க விடுவது அங்கே அழகில்லை. ஆத்தா இருந்தவரை புத்த பூர்ணிமைக்கு ஒரு ரேக்கு ஒட்டுவார். அது தப்பா? வீட்டில் கும்பிடுகிற புத்தரைக் காட்சிப்பொருளாக்கச் சொல்கிறீர்களா?

ஈரப்பதம்:
தப்பே இல்லை. ஆத்தா செய்தது மேலே சேர்ப்பது. அடியில் இருக்கிற பழைய அரக்கும் பழைய ரேக்கும் அப்படியே பத்திரமாக இருக்கும், நாளைக்கு ஒருவர் அடுக்கு அடுக்காகப் பார்த்து இத்தனை தடவை பூசினார்கள் என்று சொல்லலாம். நான் பயப்படுவது எடுப்பதற்கு. புதிதாகப் பூசுவதற்கு முன்னால் பழசைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, அப்புறம் கடையில் கிடைக்கிற தங்க நிற பெயின்டை அடிக்கிறார்கள் பாருங்கள், அதில் விரல் நகத்தின் கோடும் கண்ணிமையின் விளிம்பும் போய்விடும். போனது வராது. சேர்ப்பதில் ஒரே எச்சரிக்கை, பழைய அரக்கு பொருக்காகத் தூக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் ஒட்டாதீர்கள், அழுத்தம் பட்டால் பொருக்கோடு விழும். விழுந்த பொருக்கை மட்டும் எறிந்துவிடாதீர்கள். காகிதத்தில் மடித்து, எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதி வையுங்கள்.

நாராவில் ஒருத்தி:
பர்மா பேரன், இங்கேயும் கும்பிடுகிற சிலைதான் எல்லாம். ஒரு கோயில் சிலையைப் பழுதுபார்க்க எடுக்கும் முன்னால் துறவிகள் வந்து சடங்கு செய்து, உள்ளிருக்கும் சக்தியை விலக்கி அனுப்பிவைப்பார்கள், வேலை முடிந்து திரும்பினதும் கண் திறக்கிற சடங்கு. நம் கோயில் பாலாலயம் மாதிரியே. நடுவில் இருக்கிற அந்த நாட்களில்தான் பட்டறைக்காரர் கை வைப்பார். 1898இல் ஒகாகுரா தென்ஷின் என்ற கலை அறிஞர் தொடங்கிய அமைப்பின் வழிவந்த பட்டறை நாரா தேசிய அருங்காட்சியக வளாகத்திலேயே இருக்கிறது. அவர்கள் கொள்கை, இருப்பதை இருக்கிறபடி நிறுத்துவது. காணாமற்போன மூக்கைப் புதிதாகச் செய்து வைத்து அழகாக்குவது முதல் வேலை இல்லை. ஆடுகிறதைக் கெட்டிப்படுத்துவது, உரிகிறதை ஒட்டுவது. விரிசலுக்கு அரக்கும் மரத்தூளும் குழைத்த கலவை, வண்ணம் உரிந்தால் கடல்பாசிப் பசையோ விலங்குப் பசையோ. இங்கே தோதாய்ஜி கோயிலின் பெரிய வாசலில் நிற்கிறார்களே இரண்டு காவல் தெய்வங்கள், 8 மீட்டருக்கு மேல் உயரம், உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளின் குழு 1203இல் 69 நாளில் முடித்தது, அவற்றை 1988இலிருந்து 1993 வரை பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் 3,000 துண்டுகளாம். செதுக்க 69 நாள், பழுதுபார்க்க 5 வருஷம்!

தொடுவதைப் பற்றி ஒன்று. கியோத்தோவில் கோர்யூஜி கோயிலில் செம்பைன் மரத்தில் செதுக்கிய மைத்ரேயர், அதாவது இனி வரப்போகிற புத்தர், 7ஆம் நூற்றாண்டு, கன்னத்தருகே விரலை வைத்து யோசிக்கிறவர். 1960இல் ஒரு மாணவர் கிட்டே போக, வலது கை விரல் முறிந்துவிட்டது. துண்டுகள் கிடைத்து, இன்று தெரியாத அளவுக்குச் சேர்த்திருக்கிறார்கள். நான் அங்கே நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், பட்டாணித் தடிமன்கூட இருக்காது போலிருந்தது. அதனால் மீனா, தூக்கும்போது கையையோ தலையையோ பிடிக்காதீர்கள், வளையல் மோதிரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் அடிப்பீடத்துக்குக் கொடுத்துத் தூக்குங்கள்.

இழைப்புளி:
சார், மாவு வண்டுக்கு வழி சொல்லுங்கள், எனக்கும் தொழிலுக்கு ஆகும்.

ஈரப்பதம்:
இரண்டு வழி. ஒன்று குளிர். பாலிதீன் உறையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம், எடுத்தபின் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் மரத்தின்மேல் நீர் வேர்க்கும். வெறும் மரத்துக்குச் சரி. மீனாவின் புத்தரில் ரேக்கு இருக்கிறது, வெடிப்பு வேறு, நான் அதில் துணியமாட்டேன்.

இரண்டாவது, மூச்சை நிறுத்துவது. உணவுப் பொட்டலத்தில் போடுகிற ஆக்சிஜன் உறிஞ்சி பாக்கெட் மொத்தமாகக் கிடைக்கும். சாதாரண பாலிதீன் காற்றை உள்ளே விடும், அதனால் அலுமினியப் படலம் சேர்த்த தடித்த உறை வாங்கி, ஒரு பக்கம் தெளிவான தடுப்புப் படலத்தில் சன்னல் வைத்து, சூடு போட்டு ஓரத்தை ஒட்டவேண்டும். கூடவே ஆக்சிஜன் காட்டி மாத்திரை ஒன்று போடுங்கள், காற்று இருந்தால் நீலம், 0.1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இளஞ்சிவப்பு. சிவந்த நாளிலிருந்து 4 வாரம், 25 டிகிரிக்குக் குறையாத அறையில். முட்டை, புழு, வண்டு மூன்றும் போகும். பாக்கெட் சூடாகும், சிலைமேல் படாமல் ஓரமாக வையுங்கள். நஞ்சு எதுவும் இல்லை, அம்மா பக்கத்து அறையில் தூங்கலாம்.

அப்புறம் இடம். ஏசி அறையும் வேண்டாம், வெயில் விழுகிற சன்னலும் வேண்டாம், குளியலறைச் சுவரும் வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கும், 45இலிருந்து 60 விழுக்காட்டுக்குள் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் நின்றால் போதும், நம் ஊரில் 65 போனாலும் பதற வேண்டாம், 70க்கு மேல் நாள்கணக்கில் நின்றால்தான் பூஞ்சணம் வரும். தூசிக்கு ஓவியர்கள் வைத்திருக்கிற ஆட்டுமயிர்த் தட்டைத் தூரிகை, மேலிருந்து கீழே. ஊதுபத்தியும் விளக்கும் ஒரு கை நீளத்துக்கு அப்பால். வேறொன்றும் செய்யாதீர்கள்.

பர்மா பேரன்:
ஒத்துக்கொள்கிறேன் சார், சேர்ப்பது எடுப்பது என்று பிரித்துச் சொன்னது எனக்கு விளங்கிவிட்டது. போன மாதம்தான் ஒரு பெயின்டர் சுரண்டிப் புதுசாக்கித் தருகிறேன் என்று விலை சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆத்தா பெட்டியில் ரேக்குப் புத்தகம் ஒன்று, பாதி மிச்சம் இருக்கிறது. இந்தப் பூர்ணிமைக்கு ஒன்று எடுத்து ஒட்டுவேன்.

இழைப்புளி:
வாங்கப் போகிறவர்களுக்காக ஒன்று. தாய்லாந்திலிருந்து புத்தர் சிலையை வெளியே எடுத்துவர அவர்கள் நுண்கலைத் துறை அனுமதி வேண்டும், கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு அடியைத் திருப்பிப் பாருங்கள், வெளிறு பட்டை எவ்வளவு அகலம், நடுத்தண்டு உள்ளே இருக்கிறதா என்று. முகம் மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

கோவை மீனா:
7 வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எண்ணெயை எடுக்க அப்பாவின் பழைய வேட்டியைத்தான் அம்மா கொடுத்தார். 5 நாள் அழுத்தினோம், துணி கருப்பட்டி நிறத்தில் வந்தது. பிறகு உறை. இழைப்புளி அண்ணன் ஊரிலிருந்து பேருந்தில் வந்து சூடு போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டுக் காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார், அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாத்திரை இரண்டாம் நாள் மாலை சிவந்தது, அம்மா தினமும் சன்னல் வழியாக அதைப் பார்த்து "சிவப்புதான், சிவப்புதான்" என்று எனக்கு அலுவலகத்துக்குப் போன் செய்வார்.

4 வாரம் முடிந்து பிரித்தோம். இப்போது கூடத்தில், ஏசி இல்லாத உள்சுவர் ஓரமாக ஒரு மேடையில் இருக்கிறார். மானி காலையில் 58, மாலையில் 55 காட்டுகிறது. வெடிப்பு மூடவில்லை, ஆனால் பத்து ரூபாய்க் காசு இப்போது நுழையவில்லை, தபால் அட்டைதான் போகிறது. அடியில் கறுப்புச் சார்ட் போட்டு இன்று 11ஆம் நாள். எழுந்ததும் டார்ச் அடித்து அதைத்தான் பார்க்கிறேன். இன்று காலை வெள்ளையாக ஒரு துகள் கிடந்தது, நெஞ்சு திக்கென்றது, விரலில் எடுத்துப் பார்த்தால் அம்மா கையிலிருந்து உதிர்ந்த விபூதி.